நடுக்கோடு யாருக்குச் சொந்தம்?



கூடைப்பந்தாட்டத்தின் விதிகளுள் ஒன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். பேசுவதற்கு முன்னர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன். அந்த விதியை அறியாத காரணத்தால் நான் செய்த குற்றம் அது.

நான் வசிப்பது பெங்களூரில், ஒக்கலிபுரத்தில். நகரத்தின் பெரிய ரயில் நிலையத்திற்கு அணித்தே, இருப்புப் பாதைகளை ஒட்டி அமைந்த பகுதி அது. ஆலைகளிலும் ரயில்வேயிலும் தொழில் தேடித் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கும், அண்டையிலுள்ள ஸ்ரீராமபுரத்திலும் வாழ்ந்து வருகின்றன. வீட்டிற்குள் தமிழும் வீதியிலே கன்னடமும் பேசி வளர்பவர்கள் எங்கள் பிள்ளைகள். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இருந்து இந்த உரையைக் கேட்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இவ்வாறே இரு மொழிகளுக்கிடையே வளர்பவர்களாக இருக்கக்கூடும்.

என் தமக்கையின் மகன் கூடைப்பந்தாட்டத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவன். ஒரு நாள் மாலை, எங்கள் பகுதிக்கு அருகிலிருந்த ஒரு திடலில் அவனுடைய அணிக்கு ஆட்டம் இருந்தது. நானும் அக்கம்பக்கத்தாரும் திரண்டு போயிருந்தோம். ஆட்டம் முடிய 20 விநாடிகள் எஞ்சியிருந்த வேளையில் எங்கள் அணி ஒரே ஒரு புள்ளியால் முந்தியிருந்தது. பந்தோ மருமகனுடைய கையில். அதைப் பறிகொடாமல் காத்துக் கொண்டால் போதும், வெற்றி எங்களுடையது. எதிரணியினர் இருவர் அவனை நெருக்கினர். அவன் பந்தைத் தட்டியவாறே ஓரடி பின்வாங்கினான். உடனே நடுவர் ஊதலை ஊதினார். பந்து எதிரணிக்குத் தரப்பட்டது. அவர்கள் அதனை உள்ளே எறிந்து, கூடையில் இட்டு, ஒரு புள்ளியால் வென்றுவிட்டார்கள்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையன் எவரையும் இடிக்கவில்லை. பந்து எல்லைக்கு வெளியே போகவும் இல்லை. பின் எதற்காக ஊதல்? கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலின் நடுவே நானும் எழுந்து நின்று, "நம் பையன் தமிழ்ப் பையன் என்பதால்தானே இந்த அநியாயம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அருகிலிருந்தவர்கள் அதை எதிரொலித்தார்கள். நடுவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனோ தலையைக் குனிந்தபடி, "இனி நான் ஆடப் போவதில்லை, மாமா" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினான்.

கூட்டம் கலைந்தபின் நடுவரே எங்களிடம் வந்தார். கையில் ஒரு சுண்ணக்கட்டி இருந்தது. கன்னடமும் தமிழும் கலந்த மொழியில், "ஐயா, ஐந்து நிமிஷம் இருக்க முடியுமா?" என்று கேட்டார். பையனையும் அழைத்து நிறுத்தி, தரையிலே ஒரு நீண்ட சதுரம் வரைந்தார். அன்று அவர் விளக்கியதையும், அதன் பின்னர் நானே படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. அதனை இரு சமபாதியாகப் பிரிப்பது நடுக்கோடு. ஓர் அணி காத்துநிற்கும் கூடை எந்தப் பாதியில் இருக்கிறதோ அது அந்த அணியின் பின்களம். எந்தக் கூடையில் பந்தை இட முயல்கிறதோ அது இருக்கும் பாதி அவ்வணியின் முன்களம். ஆகவே எனக்குப் பின்களமாக இருப்பது எதிரிக்கு முன்களம். அவனுக்குப் பின்களமாக இருப்பது எனக்கு முன்களம். பிள்ளைகள் இதையே 'பேக் கோர்ட்' என்றும் 'ஃப்ரண்ட் கோர்ட்' என்றும் சொல்லுகிறார்கள்.

அப்படியானால் இரண்டிற்கும் நடுவே கிடக்கும் கோடு யாருக்குச் சொந்தம்? இந்த வினாவில்தான் அன்றைய தோல்வியின் காரணம் அடங்கியிருந்தது. விதியின்படி நடுக்கோடு பின்களத்தைச் சேர்ந்தது. எந்த அணி பந்தை வைத்திருக்கிறதோ, அந்த அணிக்கு அது பின்களம். மருமகன் முன்களத்தில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தவன். பின்வாங்கியபோது அவனுடைய குதிகால் கோட்டின் மேல் பட்டுவிட்டது. கோட்டைத் தாண்டவில்லை என்று நாங்கள் கூவினோம். தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. தொட்டாலே பின்களத்திற்குத் திரும்பியதாகக் கருதப்படும்.

"எதிரணிப் பையன் மிதித்திருந்தாலும் இதே ஊதல்தான், ஐயா. இந்தக் கோடு இரண்டு அணிக்கும் பின்களம்" என்றார் நடுவர். அவர் வேறு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. நான் சொன்ன சொல் அவர் காதில் விழுந்திருந்தது என்பதை அப்போது உணர்ந்தேன்.

நேயர்களே, பின்களத்தைப் பற்றி முக்கியமான விதிகள் இரண்டு. ஒன்று, அங்கே நெடுநேரம் தங்கலாகாது. மற்றொன்று, அதைவிட்டு வந்தபின் திரும்பலாகாது.

முதலில், தங்கலாகாது என்னும் விதியை எடுத்துக்கொள்வோம். பின்களத்தில் பந்தைக் கைப்பற்றிய அணி, 8 விநாடிகளுக்குள் அதனை முன்களத்திற்குக் கொண்டுசேர்க்க வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நடுவர் கையை வீசி வீசி விநாடிகளை எண்ணுவதை நீங்கள் கண்டிருக்கலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. பந்தை வைத்திருக்கும் அணி 5 விநாடிகளைச் செலவிட்டபின், எதிரணியினன் ஒருவன் பந்தை எல்லைக்கு வெளியே தட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பந்து மீண்டும் அதே அணிக்குத்தான் கிடைக்கும். ஆனால் புதிதாக 8 விநாடிகள் கிடைக்கமாட்டா. எஞ்சிய 3 விநாடிகளே உண்டு. அதற்கு மாறாக, எதிரணியினன் 'ஃபவுல்' செய்து, அதன் பயனாகப் பின்களத்திலிருந்தே பந்தை எறிய நேர்ந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பந்து முன்களத்திற்கு வந்துவிட்டது என்று எப்போது கொள்வது? எவர் கையிலும் இல்லாத பந்து முன்களத்தின் தரையைத் தொட்டால் வந்துவிட்டது. இரு கால்களையும் முன்களத்தில் முழுதும் ஊன்றிய நம் ஆட்டக்காரனைத் தொட்டாலும் வந்துவிட்டது. நடுவர் மேல் பட்டால்கூட, அவர் நிற்கும் இடம் எதுவோ அந்த இடத்தைத் தொட்டதாகவே எண்ணப்படும்; நடுவரும் இந்தக் கணக்கில் தரையைப் போன்றவரே.

பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைக் கடப்பவனுக்கு மட்டும் கணக்குச் சற்றுக் கடுமையானது. அவனுடைய வலது கால், இடது கால், பந்து ஆகிய மூன்றும் முன்களத்தைத் தொட்டாக வேண்டும். ஒரு காலை முன்னே வைத்து, மற்றொரு காலைப் பின்னே வைத்திருக்கும் வரையில் அவன் பின்களத்தில் இருப்பவனாகவே கருதப்படுவான். எட்டு விநாடிக் கணக்கும் ஓடிக்கொண்டேயிருக்கும். இது அவனுக்கு ஓரளவு நன்மையும்கூட. ஏனெனில், மூன்றும் சேராதவரையில் அவன் பின்வாங்கலாம். பின்களத்திலிருக்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுக்கவும் செய்யலாம். மூன்றும் சேர்ந்த கணத்தில் அந்த உரிமை போய்விடும்.

இனி, திரும்பலாகாது என்னும் இரண்டாவது விதி. அதைக் கண்டறிய மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். பந்து முன்களத்தில் அந்த அணியின் வசத்தில் இருந்ததா? முன்களத்தில் அதனைக் கடைசியாகத் தொட்டவர் அதே அணியினரா? அது பின்களத்திற்குச் சென்றதும் முதலில் தொட்டவரும் அதே அணியினரா? மூன்றுக்கும் 'ஆம்' என்பதே விடையானால் விதிமீறல். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்று விடை வருமானால் ஆட்டம் தொடரும்.

இந்த மூன்று வினாக்களை வைத்துக்கொண்டு சில சந்தர்ப்பங்களைப் பார்ப்போம்.

முன்களத்தில் நம்மவன் தோழனுக்குப் பந்தை எறிகிறான். இடையிலே எதிரணியினன் கையை நீட்டித் தட்டிவிட, பந்து உருண்டு பின்களத்திற்குப் போய்விடுகிறது. நம்மவன் ஓடிச் சென்று எடுக்கிறான். கூட்டம் 'பேக் கோர்ட்!' என்று கூவும். ஆனால் நடுவர் ஊதமாட்டார். முன்களத்தில் கடைசியாகத் தொட்டவன் எதிரி. ஆகையால் இரண்டாவது வினாவிற்கு விடை 'இல்லை'.

நம்மவன் கூடையை நோக்கிப் பந்தை எறிகிறான். அது வளையத்தில் மோதித் தெறிக்கிறது. கூடையடியில் பலர் தாவி, ஒருவரும் பிடிக்க இயலாமல் விரல் நுனியால் தட்டிவிட, பந்து துள்ளித் துள்ளிப் பின்களம் சேர்கிறது. அதை நம்மவனே எடுத்தாலும் பிழையில்லை. கூடையை நோக்கி எறிந்த பந்து கையைவிட்டு நீங்கியதும், அது எந்த அணியின் வசத்திலும் இல்லை. ஒருவர் அதைப் பிடித்தால்தான் மீண்டும் வசமாகும். முதல் வினாவே இங்கு பொருந்தவில்லை.

ஒருவன் நடுக்கோட்டின் இருபுறமும் காலை வைத்து நிற்கிறான். பின்களத்திலிருந்து தோழன் எறிந்த பந்தை அவன் பெற்றால் பிழையில்லை. அதே இடத்தில் அதே நிலையில் நின்று, முன்களத்திலிருந்த தோழன் எறிந்த பந்தைப் பெற்றால் அது விதிமீறல். நிற்பவன் ஒருவனே; நிலையும் ஒன்றே. பந்து எங்கிருந்து வந்தது என்பதுதான் வேறுபாடு. பார்வையாளர்கள் பெரும்பாலும் பெறுபவனுடைய காலையே நோக்குகிறார்கள். எறிந்தவனுடைய இடத்தை நோக்குவதில்லை. அதனால்தான் ஒரு முறை ஊதிய நடுவர் மறுமுறை ஊதாமலிருக்கும்போது அவர் பாரபட்சம் காட்டுவதாக நமக்குத் தோன்றுகிறது.

ஒரு விலக்கும் உண்டு. எதிரணியினர் தமக்குள் எறிந்துகொள்ளும் பந்தை, தன் முன்களத்திலிருந்து ஒருவன் தாவி, கால் தரையில் படுவதற்கு முன் வானிலேயே பிடித்துக்கொண்டு தன் பின்களத்தில் வந்து இறங்கலாம். அது பிழையன்று. அவன் பந்தைப் பிடித்த கணத்தில்தான் அது அவனுடைய அணியின் வசமாயிற்று. பாய்ச்சலை நடுவழியில் நிறுத்த எவராலும் இயலாது என்பதை விதி ஏற்றுக்கொள்கிறது.

விதிமீறலுக்குத் தண்டனை என்ன? புள்ளி குறைவதில்லை; ஃபவுல் கணக்கும் ஏறுவதில்லை. பந்து எதிரணிக்குக் கொடுக்கப்படும். அவர்கள் தங்கள் முன்களத்தில், பிழை நேர்ந்த இடத்திற்கு அணித்தாகவுள்ள எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிவார்கள். சிறு தண்டனை போலத் தோன்றும். ஒரு புள்ளி வித்தியாசத்தில், கடைசி 20 விநாடிகளில், அது எவ்வளவு பெரிது என்பதை நாங்கள் அன்று கண்டோம்.

ஏன் இப்படி ஒரு விதி என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் சடுகுடுவில் பாடிச் செல்பவன் எதிரியின் பக்கம் புகுந்து, தொட்டு, மூச்சு விடாமல் தன் பக்கம் திரும்பி வருவதே ஆட்டம். அங்கே திரும்பாதவன் தோற்றவன். இங்கே திரும்பியவன் தவறியவன். ஒன்றற்கொன்று நேர்மாறாக இருப்பதன் காரணத்தை அறியக் கூடைப்பந்தின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தைத் தம் மாணவர்களுக்காக அமைத்தார். பழக்கூடை இரண்டு, பந்து ஒன்று, விதிகள் 13. அந்த 13 விதிகளில் நடுக்கோடு இல்லை. பின்களம் என்ற பேச்சும் இல்லை. அந்த ஆட்டம் நம்மவர்க்கு அயலானதன்று. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளிதோறும் சென்று உடற்பயிற்சியையும் ஆட்டங்களையும் கற்பித்தார்கள்.

தொடக்கத்தில் களம் முழுவதும் எந்த அணிக்கும் திறந்தே கிடந்தது. அதனால் ஒரு தீங்கு விளைந்தது. சில புள்ளிகள் முந்திய அணி, பந்தை எடுத்துக்கொண்டு களத்தின் பின்பகுதிக்குப் போய்விடும். அங்கே தமக்குள் எறிந்து எறிந்து பொழுதைக் கழிக்கும். எதிரணியோ களம் முழுவதும் துரத்தித் துரத்திக் களைத்துப்போகும். இது ஆட்டமன்று, ஒளிவு விளையாட்டு என்று பார்ப்பவர்கள் சலித்தார்கள். ஆகவே 1932இல் அமெரிக்க விதிகளில் 10 விநாடி வரம்பு புகுத்தப்பட்டது. 10 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடந்தேயாக வேண்டும் என்றாயிற்று. கடந்தபின் மறுபடியும் பின்னே ஓடிவிடலாம் என்றால் அந்த வரம்பினால் என்ன பயன்? வாயிலைக் கடக்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். அதனால் திரும்பலாகாது என்னும் விதியும் அதனுடன் வேண்டியதாயிற்று. ஒன்றில்லாமல் மற்றொன்று நில்லாது.

பின்னர் 1954இல் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம், 24 விநாடிக்குள் கூடையை நோக்கிப் பந்தை எறிய வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமாகிய 'ஃபிபா' 1956இல் 30 விநாடி என்று வைத்து, 2000இல் அதனை 24 ஆகக் குறைத்தது. பின்கள வரம்பையும் அப்போதே 10 விநாடியிலிருந்து 8 ஆக்கியது. இந்த விதிகள் யாவற்றிற்கும் நோக்கம் ஒன்றே: முந்தியிருப்பவன் ஒளியக் கூடாது, பிந்தியிருப்பவனுக்குப் போராட வாய்ப்பு இருக்க வேண்டும். களத்தின் பாதியை நடுக்கோடு அடைத்துவிடுவதால், ஐவர் காக்க வேண்டிய பரப்பும் பாதியாகிவிடுகிறது. பந்தில்லாத அணிக்கு விதி அளிக்கும் நியாயம் அது.

அன்று மாலை மருமகனை நெருக்கிய அந்த இருவரும் செய்தது வேறொன்றுமில்லை. விதி தங்களுக்கு அளித்த அந்த நியாயத்தைப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய திறமையை நாங்கள் காணவே இல்லை. நடுவருடைய பெயரையும் மொழியையும் மட்டுமே கண்டோம்.

ஒரு புள்ளி, இரண்டு புள்ளியின் அருமையை இதே பெங்களூர் நன்கறியும். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆசியப் பெண்கள் கூடைப்பந்துக் கோப்பைப் போட்டிகள் இங்கே நடைபெற்றன. இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75க்கு 73 என்ற கணக்கில் வென்று, முதற்பிரிவுக்கு உயர்ந்தார்கள். வித்தியாசம் இரண்டே புள்ளி, ஒரு கூடை. அந்தக் கோப்பையில் ஆடிய இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையும் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டவர் அவர். அதே ஆண்டு முதற்பிரிவின் இறுதி ஆட்டத்தில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை வென்றது 74க்கு 73 என்று, ஒரே புள்ளியில். இத்தகைய ஆட்டங்களில் ஒரு குதிகால் கோட்டைத் தொடுவதும் தொடாததும் ஒரு நாட்டின் தகுதியையே மாற்றிவிடக்கூடும். ஆகவேதான் பெரிய ஆட்டக்காரர்கள் நடுக்கோட்டைக் கடந்தவுடன் அதனருகே நிற்பதில்லை. மேலும் இரண்டு மூன்று அடி முன்னே சென்று, பின்வாங்குவதற்கு இடம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கோட்டோரத்தில் நிற்பவனை நெருக்குவது எளிது. அவனுக்கு முதுகுப்புறத்தில் ஒரு சுவர் இருப்பதற்கு ஒப்பாகும். நடுவர் அன்று மருமகனுக்குச் சொன்ன புத்தியும் இதுதான். "தம்பி, கோட்டைக் கடந்தால் மட்டும் போதாது. கடந்து, மூன்றடி தள்ளி நில்" என்றார்.

மறு வாரமே பையன் திடலுக்குப் போய்விட்டான். நான் போய் அந்த நடுவரைக் கண்டு, சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "விதி தெரியாதவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள், ஐயா. எங்கள் ஆட்களும் என்னைத் திட்டுவதுண்டு" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

நேயர்களே, அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு அநீதி நேர்வதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நேரும்போது அதை எடுத்துச் சொல்லவும் வேண்டும். ஆனால், விளங்காதது எல்லாம் அநீதி என்று எண்ணிவிடுவது, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நாமே இழைக்கும் தீங்கு. அன்று நான் கூவிய சொல்லைக் கேட்டு, தன் பிழை இன்னதென்று அறியாமலே அந்தப் பையன் ஆட்டத்தைத் துறந்திருந்தால், அவனுக்குக் குறுக்கே நின்றவன் நடுவரல்லன். அவனுடைய மாமனாகிய நானே.

அடுத்த முறை உங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைக் காணச் செல்லும்போது, ஊதல் ஒலித்ததும் நடுவருடைய முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். எட்டு விரல்களை உயர்த்திக் காட்டினால், எட்டு விநாடி கடந்துவிட்டது என்பது பொருள். சுட்டுவிரலை நீட்டிய கையை உடம்புக்கு முன்னே இப்புறமும் அப்புறமும் வீசினால், பந்து பின்களத்திற்குத் திரும்பிவிட்டது என்பது பொருள். அதன்பின் அந்த மூன்று வினாக்களை மனத்துக்குள் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்த பிறகும் நடுவர் தவறினார் என்று தோன்றினால், அணித்தலைவன் அவரிடம் பணிவுடன் கேட்கட்டும். விடை கிடைப்பதற்கு முன்னர் நாம் கூவாமலிருப்போம்.